பக்கத்து ஊரின் மாசைத் தடம் பிடிப்பது எப்படி

ஒரு நகரம் சுத்தமாகிவிட்டது என்று அறிவிப்பு வரும்போது முதலில் கேட்க வேண்டியது, இதுவரை அங்கே சேர்ந்துகொண்டிருந்த அழுக்கு இப்போது எங்கே சேர்கிறது என்பதுதான். ஆலை மூடப்பட்டிருந்தால் அதன் வேலை எந்த ஊருக்குப் போனது, புகைபோக்கி உயர்த்தப்பட்டிருந்தால் அந்தப் புகை எங்கே இறங்குகிறது, சாக்கடை திருப்பிவிடப்பட்டிருந்தால் அது எந்தக் குளத்தில் போய் முடிகிறது என்று பார்க்காமல், ஒரு நகரத்தின் அளவீட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மகிழ்வதிலும் பயனில்லை, கோபப்படுவதிலும் பயனில்லை. மாசு ஆற்றோடு போகும், காற்றோடு போகும், லாரியில் ஏறிப் போகும். அரசாணையும் நீதிமன்ற உத்தரவும் துரத்தினால் தொழிலோடு சேர்ந்து இடம் பெயர்ந்தும் போகும். இந்த வழிகள் ஒவ்வொன்றையும் சாதாரணக் குடிமக்களால் பின்தொடர முடியும். ஊர்ப் பொதுநலச் சங்கத்தார், ஆயக்கட்டு விவசாயிகள், கல்லூரி மாணவர்கள், உள்ளூர்ச் செய்தியாளர்கள் ஆகியோருக்காக, அதைச் செய்யும் முறையை இங்கே எழுதுகிறேன். ஆற்றுக்கு நொய்யலையும் காற்றுக்கு டெல்லியையும் எடுத்துக்கொள்கிறேன்; இரண்டிலும் பல ஆண்டுகளாக நடந்தவை வழக்குகளாகவும் அளவீடுகளாகவும் பதிவாகியிருக்கின்றன.

வரைபடத்தில் தொடங்குங்கள்

மாவட்ட வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஆற்றுப் படுகையின் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நொய்யல் வெள்ளியங்கிரி மலைத்தொடரில் தோன்றி, பேரூர், கோயம்புத்தூர், சூலூர், திருப்பூர் வழியாக ஓடி, சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பிறகு கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்றே பெயர் கொண்ட ஊருக்கருகே காவிரியில் கலக்கிறது. திருப்பூர் 2009 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது; அணையோ ஈரோடு மாவட்டத்தில் இருந்தது; ஆறு முடிவது கரூர் மாவட்டத்தில். கழிவை விட்ட ஊருக்கு ஓர் ஆட்சியர், அது தேங்கிய ஊருக்கு வேறோர் ஆட்சியர் என்ற நிலையில், ஒரே ஆற்றின் கோப்பு மூன்று அலுவலகங்களில் பிரிந்து கிடந்தது. மாசு ஊர் மாறுவதற்கு இந்தப் பிரிவு பெரிய வசதி. ஆகையால் ஆற்றின் தலை முதல் வால் வரை ஒரே தாளில் வரைந்து, நகரங்கள், ஆற்றில் சேரும் ஓடைகள், பள்ளங்கள், தடுப்பணைகள், குளங்கள், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், ஊராட்சிகளின் குடிநீர்க் கிணறுகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வதே முதல் வேலை. இந்தத் தாள் இல்லாமல் எடுக்கும் எந்த அளவீடும் பின்னர் எதனோடும் பொருந்தாமல் தனித்து நிற்கும்.

காற்றுக்கும் இதே போன்ற ஒரு படுகை உண்டு. அதற்குக் கரைகள் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. டெல்லியைச் சுற்றி வடக்கே சோனிபத்தும் பானிபட்டும், மேற்கே ரோத்தக்கும் ஜஜ்ஜரும், தெற்கே குருகிராமும் ஃபரிதாபாத்தும், கிழக்கே காசியாபாத்தும் நொய்டாவும் இருக்கின்றன. இவை ஒரே சமவெளியில், ஒரே காற்றுக்குள் இருப்பவை. ஆனால் நிர்வாகத்தில் டெல்லி, ஹரியானா, உத்தரப் பிரதேசம் என மூன்றாகப் பிரிந்தவை.

ஆற்றைப் பின்தொடர்தல்

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை, எல்லோரும் டிடிஎஸ் என்று சொல்வதை, அளக்கும் கைக்கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சாயக்கழிவைப் பொறுத்தவரை இதுதான் மிக எளிய துப்பு. ஏனென்றால் பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்குச் சாயத்தொட்டியில் ஏராளமாக உப்பு போடுகிறார்கள். சாயம் துணியில் தங்கும், உப்பு தங்காது, அலசும் தண்ணீரோடு முழுவதும் வெளியே வந்துவிடும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கு 2100 என்பது வரம்பு. இந்த மூன்று எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போங்கள்.

அளக்கும் இடங்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. நகரத்துக்கு மேலே ஓர் இடம், நகரத்துக்குள் ஒவ்வொரு ஓடையும் ஆற்றில் சேரும் வாய்க்குச் சற்று மேலேயும் கீழேயும் ஒவ்வோர் இடம், நகரத்தைத் தாண்டிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் ஓர் இடம், அணைக்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் இடம் என்று வைத்துக்கொள்ளலாம். பாலம் இருக்கும் இடம் நல்லது. நடு ஆற்றில் வாளியை இறக்க முடியும். கயிறு கட்டிய வாளியை முதலில் அதே தண்ணீரில் மூன்று முறை அலசிக் கொட்டிவிட்டு, நான்காவது முறை மொள்ளும் நீரில் கருவியை வைத்து, எண் ஓடாமல் நிற்கும்வரை காத்திருந்து குறிக்க வேண்டும். கரையோரத்தில் தேங்கிய நீரில் அளந்தால் அது ஆற்றைக் காட்டாது. நீர் வற்றிய கரை மண்ணில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா, நீரில் நுரை நிற்கிறதா, என்ன நிறம் என்பவற்றையும் அங்கேயே எழுதிவிடுங்கள். வீடு திரும்பிய பின் நினைவிலிருந்து எழுதிய நிறம் சாட்சியாக நிற்காது.

நீர் ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு வர நேரம் பிடிக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும் ஆறு மணிக்கு 1.8 கிலோமீட்டர்தான் போகும். 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரை அடைய ஏறக்குறைய 22 மணி நேரம் ஆகும். மேலேயுள்ள நகரில் இரவு பத்து மணிக்குத் திறந்துவிட்ட கழிவு கீழேயுள்ள ஊரை மறுநாள் இரவு எட்டு மணியளவில்தான் கடக்கும். ஒரே நாள் காலையில் எல்லா இடத்திலும் அளந்துவிட்டு, கீழே ஒன்றுமில்லை என்று முடிவுக்கு வருவது தவறு. ஒரு தேங்காயையோ மிதக்கும் மட்டையையோ ஆற்றில் போட்டு, தெரிந்த தூரத்தைக் கடக்க எடுக்கும் நேரத்தைக் கணக்கிட்டால் வேகம் கிடைத்துவிடும். மேற்பரப்பு நீர் சற்று வேகமாகப் போகும் என்பதால் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வருவது அடர்த்திக்கும் சுமைக்கும் உள்ள வேறுபாடு. அதிகாரிகளோடு பேசும்போது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழுக்கிவிடும் என்பதால், கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். லிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்பது அடர்த்தி. ஒரு நாளில் எத்தனை டன் உப்பு அந்தப் பாலத்துக்கு அடியில் கடந்து போகிறது என்பது சுமை. அடர்த்தியை நீரோட்டத்தால், அதாவது நொடிக்கு எத்தனை கனமீட்டர் என்பதால் பெருக்கி, வருவதை 86.4 ஆல் பெருக்கினால் ஒரு நாளைய சுமை கிலோகிராமில் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, நகரத்துக்கு மேலே நொடிக்கு 1 கனமீட்டர் நீர் 800 மில்லிகிராம் அடர்த்தியில் ஓடுகிறது என்றால் நாள் ஒன்றுக்கு 69 டன். நகரத்துக்குக் கீழே 1.5 கனமீட்டர் நீர் 2400 அடர்த்தியில் ஓடுகிறது என்றால் 311 டன். இடையில் சேர்ந்த 242 டன்னுக்கு அந்த நகரமும் அதன் ஓடைகளும் பொறுப்பு. மழைக்காலத்தில் அதே பாலத்தில் 20 கனமீட்டர் ஓடி, அடர்த்தி 600 என்று காட்டினால், ஆறு சுத்தமாகிவிட்டது என்று தோன்றும். கணக்குப் போட்டால் ஆயிரம் டன்னுக்கு மேல் உப்பு கீழே போயிருக்கும். அது அவ்வளவும் அணைக்கோ காவிரிக்கோ போய்ச் சேரும். வெள்ளம் வரும் இரவுகளில் கழிவைத் திறந்துவிடும் வழக்கம் ஏன் வந்தது என்பதற்கு இந்தக் கணக்கே விளக்கம்: அடர்த்தி குறைவாகக் காட்டும், கீழேயுள்ள ஊரின் சுமை கூடும்.

ஒரத்துப்பாளையத்தில் நடந்தது இதுதான். பாசனத்துக்கென்று 1990களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை, சில ஆண்டுகளுக்குள் திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. தேக்கி வைத்தால் சுற்றுக் கிணறுகளில் உப்பு ஏறியது. திறந்துவிட்டால் கீழேயுள்ள கரூர்ப் பக்க நிலங்களுக்கும் ஆத்துப்பாளையம் நீர்த்தேக்கத்துக்கும் போயிற்று. யாருக்காகக் கட்டினார்களோ அந்த விவசாயிகளே நீரைத் திறக்காதீர்கள் என்று கேட்க வேண்டிய நிலை வந்தது. எந்த அணைக்கு அருகில் வேலை செய்தாலும், ஆற்று நீரை அளப்பதோடு நிற்காமல், கரையிலிருந்து அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் என்று தள்ளித் தள்ளிக் கிணறுகளையும் அளந்து, ஒவ்வொன்றின் ஆழத்தையும் எழுதுங்கள். ஆற்றில் கழிவு நின்ற பிறகும் நிலத்தடியில் புகுந்த உப்பு பல ஆண்டுகள் நகராமல் கிடக்கும். பழைய மாசும் புதிய மாசும் கலந்து குழப்பும் இடம் இதுவே.

திருப்பூரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமும் ஆகாது. கோயம்புத்தூரின் வீட்டுச் சாக்கடை திருப்பூருக்கு மேலேயே நொய்யலில் கலக்கிறது. சாக்கடையையும் சாயக்கழிவையும் பிரித்தறிய வேண்டுமென்றால் டிடிஎஸ் மட்டும் போதாது: வீட்டுக் கழிவில் அம்மோனியாவும் குடல்வாழ் பாக்டீரியாவும் மிகுந்திருக்கும், உப்பு ஓரளவே இருக்கும், சாயக்கழிவில் குளோரைடும் சல்பேட்டும் ஓங்கி நிற்கும். இந்தச் சோதனைகளைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டிச் செய்துகொள்ளலாம். வழக்குக்குப் போகும் எண்ணம் இருந்தால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் முத்திரையோடு அறிக்கை வாங்கி வைப்பது அவசியம். கைக்கருவி எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும். நீதிமன்றத்தில் நிற்பது ஆய்வக அறிக்கைதான்.

யமுனையிலும் இதே சங்கிலியைப் பார்க்கலாம். பானிபட், சோனிபத் வடிகால்களின் கழிவால் ஆற்றில் அம்மோனியா ஏறும்போது டெல்லியின் வசீராபாத், சந்திராவல் குடிநீர் நிலையங்கள் உற்பத்தியைக் குறைக்க நேர்கிறது. அந்த டெல்லியே தன் நஜஃப்கர் வடிகால் முதலானவற்றை அதே யமுனையில் விட்டு, ஃபரிதாபாத்துக்கும் மதுராவுக்கும் ஆக்ராவுக்கும் அனுப்புகிறது. மேலிருந்து வாங்குகிற ஊரே கீழுள்ள ஊருக்குக் கொடுக்கிற ஊராகவும் இருக்கும் என்பதால், உங்கள் ஊருக்குக் கீழே ஓர் அளவீட்டு இடம் வைக்காமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

காற்றைப் பின்தொடர்தல்

காற்றுக்கு வாளியும் கயிறும் வேண்டாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் கண்காணிப்பு நிலையங்கள் நுண்துகள், கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், காற்றின் வேகம், திசை ஆகியவற்றை மணிக்கணக்காகப் பதிந்து இணையத்தில் வெளியிடுகின்றன. நாள் சராசரியை இறக்காதீர்கள். மணிவாரிப் பதிவை இறக்குங்கள். நாள் சராசரியில் காற்றின் திசை கரைந்துவிடும்.

பதிவில் திசை பாகைக் கணக்கில் இருக்கும். காற்று எங்கிருந்து வருகிறதோ அதுதான் அதன் திசை: 0 அல்லது 360 வடக்கு, 90 கிழக்கு, 180 தெற்கு, 270 மேற்கு. எட்டுத் திசைக்கு எட்டுப் பத்திகள் போட்டு, ஒவ்வொரு மணி நேரத்தின் நுண்துகள் அளவையும் அந்த மணிக்குரிய திசையின் பத்தியில் எழுதி, பத்திவாரியாகச் சராசரி எடுங்கள். காற்று அநேகமாக நின்றுவிட்ட மணிகளை, நொடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவான வேகத்தை, தனிப் பத்தியில் ஒதுக்குங்கள்; அப்போது திசைகாட்டி காட்டும் எண்ணுக்குப் பொருளில்லை. நின்ற காற்றுப் பத்தியில்தான் எண் மிக உயர்ந்திருக்கிறது என்றால், பழி பெரும்பாலும் உங்கள் ஊரின் மேலேயே விழும். குறிப்பிட்ட ஒரு திசையில் நல்ல காற்று வீசும்போதும் எண் உயர்ந்தே நின்றால், அந்தத் திசையிலுள்ள ஊரைப் பார்க்கலாம்.

பிறகு அந்த ஊரின் நிலையத்துப் பதிவையும் எடுத்து, கால இடைவெளியைச் சரிபாருங்கள். பானிபட்டிலிருந்து டெல்லி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். மணிக்கு 10 கிலோமீட்டர் காற்றில் அங்கே காலை ஆறு மணிக்கு எழுந்த புகை மாலை மூன்று மணியளவில் வந்து சேர வேண்டும். அங்கே ஏற்றம் முன்னும் இங்கே ஏற்றம் பின்னும், காற்றின் வேகத்துக்கு ஏற்ற இடைவெளியில், திரும்பத் திரும்ப வந்தால் அது துப்பு. இரண்டு ஊரிலும் ஒரே மணியில் ஏறி ஒரே மணியில் இறங்கினால் அது இரண்டுக்கும் பொதுவான வானிலையின் வேலை. குளிர்கால இரவில் தரையை ஒட்டிய காற்றடுக்கு தாழ்ந்து அமுங்கும்போது, யாரும் யாருக்கும் அனுப்பாமலேயே எல்லா ஊரிலும் எண் ஏறும். இந்த இரண்டையும் பிரிக்காமல் பக்கத்து ஊரைக் குற்றம் சாட்டுகிறவர்களின் அறிக்கை முதல் விசாரணையிலேயே விழுந்துவிடுகிறது.

துகளின் அளவும் பேசும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகளின் அளவை 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகளின் அளவால் வகுத்து வரும் விகிதம் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருந்தால் சாலைப் புழுதியும் கட்டுமானத் தூசியும் மிகுதி. அவை பெரும்பாலும் அக்கம்பக்கத்தவை. விகிதம் மூன்றில் இரண்டை நெருங்கினால் எரிபொருள் புகையும், வரும் வழியிலேயே உருவான துகளும் மிகுதி. ஏனென்றால் தொலைவிலுள்ள புகைபோக்கியிலிருந்து கிளம்பும்போது கந்தக டை ஆக்சைடாக இருந்த வாயு, பல மணி நேரம், சில நாள் பயணத்தில் சல்பேட் துகளாக மாறிவிடுகிறது. கிளம்பிய ஊரில் அது வாயுக் கணக்கில் இருக்கும், சேர்ந்த ஊரில் நுண்துகள் கணக்கில் இருக்கும். இரண்டு ஊரிலும் ஒரே மாசின் எண்ணை மட்டும் ஒப்பிட்டால் இந்தப் பயணம் கண்ணில் படவே படாது.

புகைபோக்கியின் உயரத்தையும் விசாரியுங்கள். நம் நாட்டில், புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும் கருவி இல்லாத, 500 மெகாவாட்டும் அதற்கு மேலுமான நிலக்கரி மின் அலகுகளுக்கு 275 மீட்டர் புகைபோக்கி என்பது விதி. உயரம் கூடினால் அடிவாரத்து ஊரின் அளவு குறையும் என்பது உண்மை. வெளியேறும் கந்தகத்தில் ஒரு கிலோகூட அதனால் குறைவதில்லை. டெல்லியின் பதர்பூர் அனல்மின் நிலையம் 2018 அக்டோபரில் மூடப்பட்டது. நல்ல முடிவுதான். அதே டெல்லிக்கு மின்சாரம் தரும் நிலக்கரி நிலையங்கள் உத்தரப் பிரதேசத்தின் தாத்ரியிலும் ஹரியானாவின் ஜஜ்ஜரிலும் இயங்குகின்றன என்பதையும் கணக்கில் சேர்த்தால்தான் முழுப் படம் கிடைக்கும்.

குறிப்பிட்ட ஒரு நாளைத் துலக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால், அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா இலவசமாகத் தரும் ஹைஸ்பிளிட் என்ற கணிப்பானில் உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் ஆகியவற்றைக் கொடுத்தால், அந்தக் காற்று முந்தைய 24 அல்லது 48 மணி நேரத்தில் எந்தெந்த ஊரைக் கடந்து வந்தது என்று கோடு போட்டுக் காட்டும். வயல் எரிப்பு, குப்பைக்கிடங்குத் தீ ஆகியவற்றை செயற்கைக்கோள் கண்ட தீக்களைக் காட்டும் நாசாவின் ஃபர்ம்ஸ் வரைபடத்தில் அதே நாளுக்குப் பார்த்து, கோடு அவற்றைக் கடக்கிறதா என்று ஒப்பிடலாம். கோடு கடந்தது என்பது வாய்ப்பைக் காட்டும், அளவைக் காட்டாது. எந்த மாவட்டத்தின் பங்கு எவ்வளவு என்று டெல்லிக்கு மதிப்பிட்டுச் சொல்லும் மாதிரி ஒன்றைப் புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் நடத்துகிறது. மற்ற நகரங்களுக்கு மேற்சொன்ன கைக்கணக்கில் தொடங்குவதே வழி.

தமிழ்நாட்டில் செய்ய விரும்புவோர் கோயம்புத்தூரில் தொடங்கலாம். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேற்குக் காற்று நாள் முழுதும் ஒரே திசையில் வீசுவதால், நகரத்துக்கு மேற்கிலும் கிழக்கிலும் ஒரே நாளில் அளந்து ஒப்பிடுவது அங்கே எளிது. கிழக்கே சூலூரும் பல்லடமும் அந்தக் காற்றின் வழியில் இருக்கின்றன.

உத்தரவு துரத்திய மாசு

மாசு ஊர் மாறும் வழிகளில் அதிகம் பேசப்படாததும் எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீரை முழுவதுமாக மறுசுழற்சி செய்யும் நிலையை எட்டாத திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஆற்றுக்காகப் பல ஆண்டுகள் போராடியவர்களுக்குக் கிடைத்த நியாயமான தீர்ப்பு அது. ஆனால் பின்னலாடை ஏற்றுமதி நின்றுவிடவில்லை. துணிக்கு யாரோ எங்கோ சாயம் ஏற்றித்தானே ஆக வேண்டும்? காவிரிக் கரையில் ஈரோட்டுக்கு எதிரேயுள்ள பள்ளிபாளையத்திலும், பவானிக்கு எதிரேயுள்ள குமாரபாளையத்திலும், அனுமதியில்லாத சாயப்பட்டறைகளை அதிகாரிகள் இடிப்பதும் அவை வேறு சந்தில் மீண்டும் முளைப்பதும் இன்றுவரை செய்தியாக வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் எவை அந்த ஊரின் பழைய விசைத்தறித் தொழிலைச் சேர்ந்தவை, எவை வேறு ஊரிலிருந்து வந்த வேலையைச் செய்பவை என்பதை ஆராயாமல் சொல்லக் கூடாது. அதற்கான முறை இது.

உத்தரவின் தேதியை நடுவில் வைத்து, அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளையும் பிந்தைய இரண்டு ஆண்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ச் சட்டம் 1974, காற்றுச் சட்டம் 1981 ஆகியவற்றின்படி மாசு உண்டாக்கும் ஆலைகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இசைவாணை பெற வேண்டும். சுற்றியுள்ள மாவட்டங்களில் அந்த நான்கு ஆண்டுகளில் வழங்கிய, புதுப்பித்த, மறுத்த இசைவாணைகளின் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்டவாரியாகத் தனித்தனி மனுவாகக் கேளுங்கள். மூடல் உத்தரவுகளையும், மின் இணைப்புத் துண்டிப்பு உத்தரவுகளையும் சேர்த்துக் கேளுங்கள். அனுமதியில்லாதவை பட்டியலில் வராது என்பதால், கூகுள் எர்த்தின் பழைய படங்களில் ஆற்றங்கரையை ஆண்டுவாரியாகப் பார்த்து, புதிய கொட்டகைகளையும் தொட்டிகளையும், ஓடையில் மாறிய நிறத்தையும் குறியுங்கள். தண்ணீர் லாரிகள் எங்கே போகின்றன, கூலிக்குச் சாயமேற்றத் துணி எந்த ஊரிலிருந்து வருகிறது என்பது டீக்கடையில் கேட்டாலே தெரிந்துவிடும். ஆனால் அதைத் துப்பாக மட்டும் கொள்ளுங்கள், தொழிலாளர்களின் பெயரை எங்கும் எழுதாதீர்கள். வேலை இழப்பவர்கள் அவர்கள்தான்.

பக்கத்து ஊரில் மாசு கூடியதை மட்டும் காட்டினால் போதாது. அந்தத் தொழில் நாடெங்கும் வளர்ந்ததாலும் கூடியிருக்கலாம். ஆகவே அதே தொழில் உள்ள, ஆனால் தொலைவில் இருக்கிற மூன்றாவது ஊர் ஒன்றையும் எடுத்து அதே நான்கு ஆண்டுகளுக்கு அளவுகளை ஒப்பிடுங்கள். தொலைவூரில் ஏறாமல் பக்கத்தூரில் மட்டும் ஏறியிருந்தால்தான் இடப்பெயர்வு என்று துணிந்து சொல்லலாம்.

விதி ஊருக்கு ஊர் மாறுவதும் இதே விளைவைத் தரும். பெட்கோக் (எண்ணெய் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரி), உலை எண்ணெய் ஆகிய அழுக்கு எரிபொருள்களுக்கு டெல்லியில் 1996 முதலே தடை இருந்தது. சுற்றியுள்ள ஹரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தானில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது 2017 அக்டோபரில்தான். இடையிலிருந்த இருபது ஆண்டுகள், எல்லைக்கு அந்தப் பக்கம் எரித்தால் குற்றமில்லை என்ற நிலை. காற்றோ எல்லையைக் கடந்து இந்தப் பக்கம் வந்தது. உங்கள் ஊரிலும் பக்கத்து ஊரிலும் ஒரே தொழிலுக்கு ஒரே விதிதானா என்று இரண்டு பத்திப் பட்டியல் ஒன்று போட்டுப் பாருங்கள். வேறுபடும் வரிகளில்தான் அடுத்த இடப்பெயர்வு நடக்கும். 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டமும் ஏறக்குறைய 130 நகரங்களை நகரம் நகரமாகத்தான் மதிப்பிடுகிறது. படுகை முழுவதற்கும் ஒரே இலக்கு வைத்திருந்தால் இந்த நகர்வுக்கு இடம் குறைந்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து. டெல்லிப் பகுதிக்கு மட்டும் 2021இல் சட்டத்தின் மூலம் மாநில எல்லை கடந்த காற்றுத் தர ஆணையம் ஒன்று அமைந்திருக்கிறது.

உப்புக் கணக்கு

மாசு ஊர் மாறாமல் உருமாறுவதும் உண்டு. இன்று திருப்பூரில் கழிவுநீரைச் சவ்வூடு வடிகட்டி, மிஞ்சும் அடர் உப்புநீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, நீரையும் உப்பில் ஒரு பகுதியையும் மீட்கிறார்கள். ஆறு பிழைக்க வேறு வழியில்லை. ஆனால் ஆவியாக்க நீராவி வேண்டும், நீராவிக்கு விறகோ நிலக்கரியோ எரிய வேண்டும். திரும்பப் பயன்படாத கலப்பு உப்பும் சேறும் மூட்டைகளாகக் கொட்டகையில் சேரும். தண்ணீர்க் கணக்கில் கழிந்தது புகைக் கணக்கிலும் திடக்கழிவுக் கணக்கிலும் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதற்கு எளிய கருவி உப்புக் கணக்கு. ஒரு கிலோ துணிக்கு 7 லிட்டர் சாயநீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்தால், கிலோவுக்கு 420 கிராம் உப்பு. நாளொன்றுக்கு 5 டன் துணிக்குச் சாயம் ஏற்றும் பட்டறைக்கு 2.1 டன் உப்பு தேவை. உப்பு எரிவதில்லை, அழிவதில்லை, துணியோடு ஏற்றுமதியாவதும் இல்லை. ஆகவே தொட்டியில் போட்டது அவ்வளவும், மீட்டுத் திரும்பப் பயன்படுத்தியதிலும் கொட்டகையில் கிடக்கும் மூட்டையிலும் சேர்ந்து இருக்க வேண்டும். இல்லாத பங்கு மண்ணுக்கோ ஆற்றுக்கோ போயிருக்கிறது. வாங்கிய உப்பு, மீட்ட உப்பு, இருப்பிலுள்ள கழிவு உப்பு ஆகிய மூன்று எண்களை மாதவாரியாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களிடமிருந்து பெற்று வெளியிடும்படி வாரியத்திடம் கேளுங்கள். நேர்மையாக நடத்துபவர்களுக்கும் இந்தக் கணக்குதான் பாதுகாப்பு.

கழிவு மூட்டையாக மாறிவிட்டால் அடுத்தது லாரி. 2024 டிசம்பரில் கேரளத்தின் மருத்துவக் கழிவு திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமங்களில் கொட்டப்பட்டுக் கிடந்ததும், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்ட பிறகு கேரளம் அதைத் திரும்ப அள்ளிச் சென்றதும் பலருக்கு நினைவிருக்கும். அங்கே ஊரைக் காட்டிக்கொடுத்தவை குவியலில் கிடந்த மருத்துவமனைத் தாள்களும் பைகளும். இத்தகைய குவியலைக் கண்டால் கையால் கிளறாமல், கிடந்த இடத்திலேயே எழுத்து தெரியும்படி படமெடுத்து, இருப்பிடக் குறிப்போடு வாரியத்துக்கும் வருவாய்த் துறைக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடுங்கள்.

கணக்கைக் கொண்டுபோகும் இடம்

அளவீடுகளை அறிக்கையாக்கும்போது, முடிந்தால் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரையும் உடன் வைத்து அளந்து, இருவரும் கையெழுத்திடுங்கள். தங்கள் ஊரைக் குற்றம் சொல்ல வந்தவர்கள் என்று நினைத்தவர்களே, தங்களுக்கும் மேலேயிருந்து ஒரு பங்கு வருவதைத் தாளில் பார்த்த பிறகு ஒத்துழைப்பார்கள். மனுவை உங்கள் மாவட்ட அலுவலகத்துக்கு மட்டும் அனுப்பினால், அது எங்கள் எல்லையில் இல்லை என்ற பதிலோடு திரும்பிவிடும். மேலும் கீழுமுள்ள எல்லா மாவட்டப் பொறியாளர்களுக்கும் வாரியத் தலைமையகத்துக்கும் ஒரே மனுவின் நகலை அனுப்புங்கள். மாவட்டத்தைத் தாண்டிய பிரச்சினைக்குச் சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயமும் உயர்நீதிமன்றமும் இருக்கின்றன. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கம் தொடுத்த வழக்கில்தான் 2006 டிசம்பரில் உயர்நீதிமன்றம் வெளியேற்றிய கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 காசில் தொடங்கி 10 காசு வரை அபராதம் விதித்தது; 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அந்த விவசாயிகளின் பக்கமே நின்றது. கீழேயிருக்கிற ஊர் கணக்கோடு போனால் மேலேயிருக்கிற ஊரைப் பதில் சொல்ல வைக்க முடியும் என்பதற்கு அந்த வழக்கு நம் கையிலுள்ள முன்னுதாரணம்.

நேரம் தவறாமல் செய்ய வேண்டிய ஒரு காரியம் உண்டு. அடிப்படை அளவீடு என்பது மாசு வந்து சேர்வதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டியது. உங்கள் பக்கத்து நகரம் ஏதேனும் ஒன்றில் மூடல் உத்தரவு, இடமாற்ற உத்தரவு, எரிபொருள் தடை என்று எது வந்தாலும், அது நடைமுறைக்கு வரும் தேதிக்குள் உங்கள் ஊரின் ஓடைகளையும் கிணறுகளையும் ஒருமுறை அளந்து, படமெடுத்து, தேதி போட்டு, ஆய்வக அறிக்கையோடு ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நகல் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இடங்களில், அதே கருவியால், இரண்டு ஆண்டுகள் அளந்து வாருங்கள்.